மெக்கானிக் தட்டும் பூசாரி தட்டும்

சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். ஞாயிறு இணைப்பிதழில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர், பெயர் கவிதா.

“சார், நம்ம பழைய கதைங்களை எல்லாம் வெப்சைட்ல ஏத்திக்கிட்டு இருக்கோம். அறிவியல் புனைகதை, மிகுபுனைவுன்னு சொல்ற மாயக் கதை ரெண்டையும் ஒரே தலைப்புல போட்டுடலாம்னு சொல்றாங்க. ரெண்டுமே நடக்காத கதைதானே சார்?”

“போடக் கூடாதும்மா” என்றேன்.

“அதான் சார். நீங்கள்லாம் எப்படிப் பிரிச்சீங்கன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா அவுங்ககிட்ட காட்டிடுவேன். நீங்க மிகுபுனைவு பக்கம் மட்டும் எழுதுங்க சார். அறிவியல் பக்கத்தைச் செல்வம் சார் எழுதிக் குடுத்துட்டார்.”

செல்வம் சார் என் மனைவி வசந்தியின் தம்பி. சிதம்பரம் தெற்கு வீதியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். என்னை மாமா என்று கூப்பிடுகிறவன். கவிதா அவனைச் சார் என்று சொன்னதைக் கவனித்தேன். ‘எழுதிக் குடுத்துட்டார்’ என்று முடிந்துபோன காரியமாகச் சொன்னதையும் கவனித்தேன். என்னைக் கேட்பதற்கு முன்பே அவனைக் கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையை நான் இரண்டாவதாகக் கேட்கப்பட்டவனின் இடத்தில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். மிகுபுனைவு பக்கம் மட்டும் எழுதப்போவதில்லை.

என் உத்தியோகத்தின் முற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிழைதிருத்துபவனாகச் சேர்ந்தேன். பிறகு செய்தி மேசை. பண்ருட்டி முந்திரிக்கொட்டை விலை, சேத்தியாத்தோப்புச் சந்தை நிலவரம், வடலூர் தைப்பூசக் கூட்டம், துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டின் எண் ஆகியவைதான் எனக்குப் பள்ளிக்கூடம். விலையில் ஒரு பூஜ்யம் கூடினால் மறுநாள் காலையில் ஆள் வந்து நிற்பான். ‘ஏராளமான’, ‘பிரம்மாண்டமான’ என்ற சொற்களைக் கண்டால் கை தானாக அடித்துவிடும். 2004-இல் என்னைக் கடலூர் அலுவலகத்தின் ஞாயிறு இணைப்பிதழுக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டின் கடைசி வாரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி வேறு பலர் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது இவ்வளவுதான்: வசந்தியும் செல்வமும் பிறந்த வீடு கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தது. வீடு போனது. ஆட்கள் தப்பினார்கள்.

இணைப்பிதழின் ஆசிரியர் சுந்தரேசன். ஒல்லியான மனிதர், சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருப்பார். கதைகளை நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் எல்லாக் கதைகளும் பரவாயில்லை என்பதுபோலத் தோன்றிவிடும் என்பது அவர் கட்சி. சன்னலோரம் போய் நின்று, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். பிடித்ததா இல்லையா என்பது முகத்தில் தெரியாது. காலைப் பார்க்க வேண்டும். கதை இழுத்தடிக்கத் தொடங்கினால் வலது கால் செருப்பிலிருந்து வெளியே வரும். இடது காலும் வந்துவிட்டால் கதை திரும்பிப் போகும். தபால் பிரிவில் இருந்தவர்கள்கூட அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு உறையை எடுத்து வைப்பார்கள்.

அவர் மேசையில் இரண்டு கம்பித் தட்டுகள் இருந்தன. குடும்பக் கதை, காதல் கதை, நகைச்சுவைக் கதை எல்லாம் பீரோவுக்குப் போய்விடும். தட்டுகள் நடக்காத கதைகளுக்கு மட்டும். ஒன்றில் ‘மெக்கானிக்’ என்றும் இன்னொன்றில் ‘பூசாரி’ என்றும் அட்டை கட்டித் தொங்கியது. நான் சேர்ந்த புதிதில் அது ஏதோ கேலி என்று நினைத்தேன். கேட்டேன்.

“கதையில ஒரு அதிசயம் இருக்குதுல்ல? பறக்குற பாய், பேசுற ரோபோ, என்னமோ ஒண்ணு. அது நடுவுல கெட்டுப்போச்சுன்னு வச்சுக்க. கதைக்குள்ள இருக்குறவனுங்க யாரைக் கூப்பிடுவானுங்க?”

“ரோபோன்னா மெக்கானிக்கை சார்.”

“பாய்?”

யோசித்தேன். “மந்திரவாதியை. இல்லாட்டி பூசாரியை.”

“அவ்ளோதான்யா. போய் உக்காரு.”

பார்ப்பதற்கு விளையாட்டாக இருந்தாலும் அந்தக் கேள்வி நன்றாக வேலை செய்தது. ராக்கெட் வந்துவிட்டாலே அறிவியல் கதை என்று நினைத்து அனுப்புகிறவர்கள் அதிகம். விருத்தாசலத்திலிருந்து ஒருவர் அப்படி அனுப்பிவிட்டு, பூசாரி தட்டில் போட்டுவிட்டோம் என்று தெரிந்து நேரிலேயே வந்துவிட்டார்.

“சார், முழுக்க விண்வெளியில நடக்குற கதை சார்!”

“ராக்கெட் நின்னுபோச்சு. ஒங்க ஆளு என்ன பண்ணான்?” என்றார் சுந்தரேசன்.

“அம்மாவை மனசுல நெனச்சுக் கண்ணை மூடுறான்.”

“ராக்கெட்டு?”

“கெளம்பிடுச்சு.”

“யாரைக் கூப்பிட்டான்?”

வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

சுந்தரேசனுக்கு இரண்டு தட்டுகளில் எது உயர்வு என்ற எண்ணம் கிடையாது. இரண்டிலிருந்தும் ஒரே கவனத்தோடு எடுத்து, ஒரே பென்சிலால் திருத்துவார். எனக்கு அந்த எண்ணம் இருந்தது. மாயக் கதை எழுதுகிறவன், கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாமல் விடுகிறவன் என்று நினைத்தேன். நான் அறிவியல் கதைகள் எழுதினேன். எங்கள் இணைப்பிதழிலேயே ஒன்பது கதைகள் வந்திருக்கின்றன. கருவி எந்த உலோகத்தில் செய்தது, எந்த வெப்பத்தில் உருகும், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது வரைக்கும் எழுதுவேன். என் கதைகளில் விட்டுப்போன விவரம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஒன்பதையும் வசந்தி படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

செல்வம் மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் மீனோடு வருவான். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கதை ஆரம்பித்துவிடும். கடைக்கு வந்த ஆள், தண்ணீர் இறங்கிய போன், அதைச் சோளத்தில் புதைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று எவனோ சொன்னது, சோளம் முளைத்தது. வசந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். கடையில் கரண்ட் போனதும் சால்டரிங் கோலை வைத்துவிட்டுப் பேனாவை எடுக்கிறான் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அந்த ஆண்டுகளில் கரண்ட் நிறையவே போனது.

“நீயும் எழுதுறியாமே மச்சான்” என்றேன்.

“சும்மா மாமா. நமக்கு வருது, எழுதுறோம்.” மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். “நீங்க எழுதுறதும் படிச்சேன். எல்லாமே கரெக்டா இருக்குது. அதான் பிரச்சன.”

வசந்தி தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

இனி அந்தத் தீபாவளி மலர். ஆண்டு 2008. மலரில் நடக்காத கதைகளுக்கு இரண்டு இடம், தட்டுக்கு ஒன்று. அலுவலகத்தில் இருப்பவர்களும் கதை கொடுக்கலாம். பெயர் இருக்கும் இடத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, எண் போட்டு ஆசிரியரிடம் போகும். முந்தைய மலர்கள் எதிலும் என் கதை வந்ததில்லை. வாரா வாரம் வரும் இணைப்பிதழைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். மலரை வீட்டில் வைத்திருப்பார்கள். சுந்தரேசன் அந்த மலரோடு ஓய்வு பெறுகிறார். அடுத்து வரப்போகிறவர், இரண்டு தட்டுகளையும் எடுத்துவிட்டு அந்தப் பக்கங்களைச் சினிமாவுக்கும் சமையலுக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆக, மெக்கானிக் தட்டின் அந்த ஓர் இடம் எனக்குக் கடைசி வாய்ப்பு.

என் கதையின் பெயர் ‘நீரோட்டம்’. அண்ணாகிராமம் பக்கத்து முந்திரிக் கொல்லைகளில் கிணறு வெட்டுவதற்கு முன்னால், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர்கள் உண்டு. என் கதையில் அந்தத் தேங்காய்க்குப் பதிலாக ஒரு கைக்கருவி. மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, ஈரத்தின் அளவைக் கணக்கிட்டு, தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒலி எழுப்பும். இதற்காக மண்ணின் மின்தடையைப் பற்றிப் பல நாள் படித்தேன். கதையில் ஒரு பேராசைக்காரர் அந்தக் கருவியைப் பறித்துக்கொண்டு கொல்லை கொல்லையாக அலைகிறார். அது ஊமையாக இருக்கிறது. கடைசியில் அடுத்தவன் சொத்தில் ஆசை வைக்காத ஏழை விவசாயி ஒருவர் கையில் எடுக்கிறார், உடனே ஒலிக்கிறது. முடிவில் ஒரு நீதியும் இருக்கட்டும் என்று அப்படி வைத்திருந்தேன்.

சுந்தரேசன் அதைப் படித்தபோது நான் பிழைதிருத்துவதுபோல் உட்கார்ந்துகொண்டு செருப்பைப் பார்த்தேன். கால் வெளியே வரவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் வரவில்லை. ‘நீரோட்டம்’ மெக்கானிக் தட்டில் விழுந்தது.

பத்து நாட்கள்போல நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு பிற்பகல், தயிர்ச்சோற்று டப்பாவை மூடிவிட்டுச் சுந்தரேசன் என்னைக் கூப்பிட்டார். இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் ஒரு கதை இருந்தது.

“நாலு நாளா இது இங்கயே கெடக்குது. எந்தப் பக்கமும் போகமாட்டேங்குது. படிச்சுட்டு வா.”

முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் செல்வம் பாதி சொல்லி நான் கேட்ட கதை.

கடல் வந்து போன ஒரு குப்பம். கரையில் எச்சரிக்கைக்காக யாரோ நட்டுவிட்டுப் போன கம்பத்தில் ஓர் ஒலிபெருக்கி. ஒருநாள் அது மறுநாளைய கடலைச் சொல்ல ஆரம்பிக்கிறது: எங்கே மீன், எங்கே சுழல், எப்போது காற்று. சொன்னபடியே நடக்கிறது. ஆம்பிளைகளை இழந்த பெண்களில், அதில் கேட்பது தன் புருஷன் குரல் என்கிறாள் ஒருத்தி. இல்லை, என் மகன் குரல் என்கிறாள் இன்னொருத்தி. கம்பத்துக்குக் குங்குமம் வைக்கிறார்கள். மாதம் ஒருமுறை துணியால் துடைத்து எண்ணெயும் போடுகிறார்கள். ஒருநாள் அது நின்றுவிடுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். அவன் ஏறித் திறந்து பார்த்துவிட்டு, “ஒயரே இல்லியே, இது எப்படிப் பேசுச்சு?” என்கிறான். பூசாரியைக் கூப்பிடுகிறார்கள். “நான் உசுரு குடுக்கல, நான் எப்படி எழுப்புறது?” என்று அவர் போய்விடுகிறார். மறுநாள் ஒருத்தி கம்பத்தடியில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துத் தானே சொல்கிறாள். தப்பாகச் சொல்கிறாள். யாரும் அவளைக் கோபிக்கவில்லை. கதை அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு விவரமும் இல்லை. எத்தனை வாட் என்றுகூட எழுதவில்லை. படித்து முடித்தபோது என் நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு ஒரு பொருளை எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. திரும்பப் படித்தேன், குற்றம் தேடி. பொறாமைக்காரன் படிப்பதுபோல யாராலும் படிக்க முடியாது. காற்புள்ளியைக்கூடத் தட்டிப் பார்ப்பான். ஒற்றுப்பிழைகள் நிறைய இருந்தன. கதையில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை.

சுந்தரேசனிடம் போனேன்.

“சார், இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும். என் மச்சான். மெக்கானிக் தட்டுல என் கதையும் இருக்குது. இதுல நான் வாய் தெறக்கக் கூடாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒன் கதை எதுன்னு எனக்குத் தெரியாதா? பேரு மேலதானய்யா தாளை ஒட்டியிருக்காங்க. கையெழுத்தை எங்க கொண்டுபோய் ஒட்டுறது?” பிறகு கேட்டார்: “மச்சான் மேல பொறாமையா?”

“ஆமா சார்.”

“ரொம்ப நல்லது. பொறாமைப்படுறவன்தான் கடைசி வரி வரைக்கும் படிப்பான். மத்தவனுங்க ‘நல்லாருக்குது சார்’னு குடுத்துடுவானுங்க. நீ வாதாடு. முடிவு நான் பண்றேன்.”

என் ஆசை எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். செல்வத்தின் கதை பூசாரி தட்டில் விழுந்தால் மெக்கானிக் இடம் எனக்கு. அதற்காகத்தான் வாதாடினேன். ஆனால் பொய் சொல்லி வாதாடவில்லை. செய்தி மேசைப் பழக்கம் அதற்கு விடாது.

“ஒயரே இல்லாம பேசுது சார். காரணம் கெடையாது. அப்போ மாயம்தானே?”

“மெக்கானிக் என்ன சொன்னான்?”

“இது எப்படிப் பேசுச்சுன்னு கேட்டான்.”

“கேட்டான்ல? திகைச்சுப்போறான்ல? மாயக் கதையில எவனாவது அப்படிக் கேக்குறானா? பாய் பறந்தா ஏறி உக்காந்துக்குவான். காரணம் இல்லியேன்னு ஒருத்தன் பதறினா அது காரணம் இருக்குற உலகம்யா. அவனுக்குத் தெரியல, அவ்ளோதான்.”

இந்த விளக்கத்தில் எனக்கு இன்றுவரை முழுச் சம்மதம் இல்லை. காரணத்தைக் கடைசிவரை சொல்லாமலே விட்டுவிடலாம் என்றால் மண்ணின் மின்தடையைப் பற்றி நான் ஏன் படிக்க வேண்டும்? ஆனால் அப்போது அடுத்த வாதத்துக்குப் போனேன். அதுதான் என் பலமான வாதம்.

“சரி சார். கொரல்? ஒருத்திக்குப் புருஷன் கொரலு, இன்னொருத்திக்கு மவன் கொரலு. அந்த ஸ்பீக்கர் ஆளைப் பார்த்துப் பேசுது. மெஷின்னா யார் கையில குடுத்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யணும் சார். திருடன் சுவிட்சைப் போட்டாலும் லைட்டு எரியும். நல்லவனுக்கு எரிஞ்சு கெட்டவனுக்கு எரியலன்னா அது லைட்டு இல்ல, சாமி வெளக்கு. அறிவியல் கதையில இந்த உலகத்துக்கு நம்ம பேரு தெரியாது சார். மாயக் கதையில தெரியும்.”

சுந்தரேசன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றார்.

சொன்னேன். அவர் ஓர் அட்டையை எடுத்துப் பென்சிலால் எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை அவர் எழுதிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்: “ஐஸ் வண்டிக்காரன்?”

கதையின் நடுவில் ஓர் ஐஸ் வண்டிக்காரன் வருகிறான். மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் வெளியூர் ஆள். அந்தக் குப்பத்தில் அவனுக்குச் சொந்தமும் இல்லை, இழவும் இல்லை. இரண்டே வரி. அவர் அதைத் தாண்டிப் போயிருப்பார் என்று நம்பியிருந்தேன்.

“சொல்லுய்யா. அவனுக்கு என்ன கேட்டுது?”

“அதே சேதிதான் சார்.”

“கொரலு?”

“யாரோ ஒரு ஆளு கொரலு.”

“அப்போ அந்தப் பொம்பளைங்களுக்கு?”

“அதே கொரலுதான் சார் கேட்டிருக்கும். அவுங்களாத்தான் அவுங்க அவுங்க ஆளு கொரலுன்னு நெனச்சுக்கிறாங்க. ஸ்பீக்கருக்கு அவுங்களை யாருன்னே தெரியாது.” இதைச் சொல்லும்போதுதான் அந்தக் கதை எவ்வளவு கொடுமையானது என்று எனக்கே விளங்கியது. மறுபடியும் பொறாமைப்பட்டேன்.

“எந்தத் தட்டு?”

நானே எடுத்து மெக்கானிக் தட்டில் வைத்தேன்.

கதை அதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுந்தரேசன் அந்தத் தட்டில் கை விட்டு, அடியிலிருந்து ‘நீரோட்ட’த்தை உருவினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தின் மேல் பென்சிலைப் படுக்க வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பேராசைக்காரர் கையில் ஊமை. நல்லவர் கையில் ஒலி.

“யார் கையில குடுத்தாலும்...” என்று ஆரம்பித்தார்.

“தெரியுது சார்” என்றேன்.

கதையைப் பூசாரி தட்டுக்கு மாற்றினார். அந்தத் தட்டின் மேல் அதைச் சரியாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தார். “மொகத்தை அப்படி வச்சுக்காத. இந்தத் தட்டுல ஒனக்குப் போட்டியே இல்ல. மலர்ல வந்துடும், போ.”

மலரில் இரண்டு கதைகளும் வந்தன. ‘அறிவியல் சிறப்புச் சிறுகதை’ என்ற பட்டையின் கீழ் செல்வம். ‘மாயச் சிறப்புச் சிறுகதை’ என்ற பட்டையின் கீழ் நான். என் கதைக்கு ஓவியர் போட்ட படத்தில் கருவியைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தது.

மலர் அச்சானதும் நானே பேருந்து ஏறிச் சிதம்பரம் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கடையில் அவன் ஒரு போனைப் பிரித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா. அக்கா வரல? என்னா, வந்துடுச்சா? நான்தான் சொன்னேன்ல, வந்துடும்னு.”

“மெக்கானிக் தட்டுல வந்திருக்குது.”

“ரெண்டும் ஒண்ணுதானே மாமா?”

கவிதா இப்போது கேட்ட கேள்வியை அவன் அன்றைக்கே கேட்டான். அந்த ஆத்திரத்தில் சுந்தரேசனிடம் சொன்னது முழுவதையும் அவனிடமும் சொன்னேன். திருடன், சுவிட்சு, சாமி விளக்கு, உலகத்துக்கு நம் பேர் தெரியாது என்பது வரை. அவன் நிமிரவே இல்லை. பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“நீ அந்த ஐஸ் வண்டிக்காரனை இதுக்குத்தான் வச்சியா?”

“எந்த ஐஸ் வண்டி? ஓ, அவனா. குப்பத்துக்கு ஐஸ் வண்டி வராம மீனை எப்படி மாமா ஏத்துவாங்க?” பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “காப்பி சாப்புடுறீங்களா? அஞ்சு புக்கு சும்மா குடுப்பாங்கல்ல?”

தெரியாமல் வைத்திருக்கிறான். தெரிந்து வைத்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

வீட்டில் வசந்தி செல்வத்தின் கதையை நின்ற இடத்திலேயே படித்தாள். ஐஸ் வண்டிக்காரன் வரும் இடத்தில் படிப்பதை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தாள். முடித்ததும் பக்கத்தைத் திருப்பி என் கதையை எடுத்தாள். நான் வேறு வேலை இருப்பதுபோல் அறைக்குள் போய்விட்டேன். மண்ணின் மின்தடை வரும் பத்திகளை அவள் தாண்டிப் போனாள் என்று பக்கம் புரளும் சத்தத்தில் தெரிந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

“இது நல்லாருக்குதே. இப்படியே எழுதக் கூடாதா?” என்றாள்.

அவள் கடைசிவரை வந்து சேர்ந்த என் முதல் கதை. அது எனக்குப் பிடிக்காத தட்டில் இருந்தது.

புதிய ஆசிரியர் சொன்னபடி தட்டுகளை எடுத்துவிட்டார். ஆனால் ஒலிபெருக்கிக் கதைக்கு வந்த வாசகர் கடிதங்களைப் பார்த்துவிட்டு, அறிவியல் கதைக்கு மாதம் ஒரு பக்கம் ஒதுக்கினார். எழுதுவது செல்வம். திருத்துவது நான். ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கம் என் மேசைக்குத்தான் வந்தது. ஒவ்வொரு மாதமும் அவன் கதையை முதலில் படிக்கும் வாசகன் நானாக இருந்தேன். அவன் விட்ட ஒற்றுகளைப் போட்டேன். ஒரு கதையையாவது பூசாரி பக்கம் தள்ள முடியுமா என்று என் விதியை வைத்து உரசிப் பார்த்தேன். முடியவில்லை. தமாஷாக எழுதினாலும் அவன் இயந்திரங்கள் யாரையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை. என்னைக் கூட்டங்களுக்கு அழைத்தால் மாயக் கதை எழுத்தாளர் என்று அறிமுகம் செய்தார்கள். எனக்கும் அதன்பிறகு வந்தவை அந்த மாதிரிக் கதைகள்தான்.

2011 கடைசியில் அடித்த புயலில் பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. செய்தி மேசைக்கு ஆள் போதாமல் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். பொங்கல் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஒரு மனிதர் அலுவலகத்துக்கு வந்தார். அண்ணாகிராமத்துக்காரர். நிவாரணச் செய்தி கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“முந்திரிக் கொல்லையில தண்ணி பாக்குற மெஷின் கதை, நீங்க எழுதுனதுதானுங்களா?”

“ஆமாங்க.”

“எனக்கு ஒரு மரம்கூட நிக்கல சார். மறுபடியும் வைக்கணும்னா தண்ணி வேணும். ரெண்டு எடத்துல போர் போட்டும் தண்ணி இல்லாம பொகையுது.” கொஞ்சம் தயங்கினார். “நான் அடுத்தவன் கொல்லையில ஒரு கொட்டை பொறுக்குனவன் இல்ல சார். அந்த மெஷின் என் கையில சத்தம் போடுமா?”

அது கதை என்று சொல்லவேண்டியது என் கடமை. விலையில் ஒரு பூஜ்யம் தப்பாகப் போட்டதற்கே ஆள் வந்து நிற்கும் தொழிலில் வளர்ந்தவன் நான்.

“உங்க கையில போடும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “கதைதான்னு தெரியும் சார். இருந்தாலும் ஒருத்தருகிட்ட கேக்கணும்னு இருந்துது. வரேன்.”

கவிதா கேட்ட மிகுபுனைவு பக்கத்தை எழுதுவதென்றால், நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். அந்த மனிதருக்கு மின்தடையோ மண்வளமோ வேண்டியிருக்கவில்லை. தான் யார் என்று எங்கேயாவது ஒரு பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டார். அறிவியல் கதையால் அதைக் கொடுக்க முடியாது; கொடுத்தால் அது அறிவியல் கதை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வம் மீனோடு வந்தபோது இதைச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

“நேர்லயே வந்தாரா?”

“வந்தாரு.”

“என்கிட்ட வர்றவனுங்க எல்லாம் அந்த ஸ்பீக்கர் எந்தக் கம்பெனின்னு கேக்குறானுங்க மாமா. ஒயரு இல்லாம எப்படின்னு சண்டைக்கு வர்றானுங்க. இந்த மாதிரி ஒருத்தன் வந்து நின்னதில்ல.” வசந்தி குழம்பு ஊற்றினாள், அவன் கவனிக்கவில்லை. “உங்களுக்கு மட்டும் எப்படி மாமா?”

அந்த முகத்தில் நான் பார்த்ததை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. கண்ணாடியில் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று மீன்குழம்பு மிகவும் நன்றாக இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன், சொன்னதையே சொல்லிவிடக் கூடாது என்று, செல்வத்தின் கட்டுரையை அனுப்பச் சொல்லிக் கவிதாவைக் கேட்டேன். அனுப்பினார். இப்படி ஆரம்பிக்கிறது:

“இயந்திரம் என்றால் யார் கையில் கொடுத்தாலும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். திருடன் சுவிட்சைப் போட்டாலும் விளக்கு எரியும். அறிவியல் கதையில் உலகத்துக்கு நம் பெயர் தெரியாது என்பது என் நீண்ட கால அனுபவம்.”

பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறான். மூன்று முறை படித்தேன், குற்றம் தேடி. கட்டுரை முழுவதும் அந்த ஒரு விதியை வைத்தே கதை கதையாகப் பிரித்துக் காட்டுகிறான். எங்கேயும் பிசகவில்லை. நான் எழுதியிருந்தால் இதைவிட நீளமாக இருந்திருக்கும்.

விதி சரியாகத்தான் இருக்கிறது. அவன் கையிலும் வேலை செய்கிறது. அதற்கு என் பெயர் தெரியாது.